இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுவரைத் தொட்டுப் பாருங்க



மாடு வாங்கக் கடன் கேட்டா நம்ம குழுவில் துருவித் துருவிக் கேட்போம். எத்தனையாவது ஈத்து, எத்தனை லிட்டர் கறக்கும், தீவனத்துக்கு என்ன வழி என்று விசாரிச்ச பிறகுதான் தீர்மானம் எழுதுவோம். ஆனா "வீடு பழுது பார்க்க" என்று ஒருத்தர் கேட்டா, "பாவம், மழைக்கு ஒழுகுது" என்று உடனே கையெழுத்துப் போட்டுடுவோம். என்ன பழுது, எதனால வந்தது, போடுற பணம் சுவரில் நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. இந்த முறை அதைப் பற்றித்தான் பேசப் போறோம். பழைய வீட்டில் ஒரே ஒரு அறையை எப்படிச் சரி பண்றது, எதை முதலில் செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்பதை, எங்க குழுவில் நடந்த ஒரு விஷயத்தை வைத்துச் சொல்றேன்.

ஒன்றரை லட்சக் கேள்வி

2023 தை மாதக் கூட்டம். எங்க குழுவில் தையல் தைக்கிற ஒரு அக்கா 30,000 ரூபாய் கடன் கேட்டாங்க. வீட்டின் முன் அறையை இடிச்சிட்டு கான்கிரீட் அறை கட்டணுமாம். மொத்தம் ஒன்றரை லட்சம் ஆகும் என்று அவங்க தம்பி கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். குழுவில் 30,000, மீதி 1,20,000 வெளியில் மூணு வட்டிக்கு. அதாவது வட்டி மட்டும் மாசம் 3,600 ரூபாய். தையலில் அவங்களுக்கு மாசம் ஐயாயிரம் வந்தாலே பெரிய விஷயம். வீட்டுக்காரர் இல்லை. கூட வயசான மாமியார்.

"அந்த ரூமை அப்படியே விட முடியலை. ஐப்பசி வந்தா சுவரெல்லாம் ஈரம். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டு துணியில பூசணம் பிடிச்சு, ரெண்டு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அத்தைக்கு ராத்திரி பூரா இருமல்" என்று அக்கா சொன்னாங்க. பொய்யில்லை, நாங்களும் பார்த்ததுதான்.

அப்பதான் எங்க பொருளாளர், "கடன் கொடுக்கறது இருக்கட்டும், முதல்ல போய் அறையைப் பார்ப்போம்" என்றார். பக்கத்துத் தெருவில் எழுபது வயது தாண்டிய கொத்தனார் ஐயா ஒருத்தர் இருக்கார். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். அவரையும் கூட்டிக்கிட்டு ஆறு பேர் போனோம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே நாட்டு ஓடு. மாமனார் காலத்தில் கட்டினது. கீழே இரண்டு அடி உயரத்துக்கு மட்டும் பத்து வருசத்துக்கு முன்னாடி சிமெண்டு பூசி இருந்தாங்க. அந்தச் சிமெண்டுக்கு மேலே ஒரு முழ உயரம் உப்புப் பூத்து, சுவர் பொரிந்து போயிருந்தது.

கொத்தனார் ஐயா சுவரைத் தட்டினார், வெளியே போய் வீட்டைச் சுத்தி வந்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார். "சுவர் நல்லா இருக்கும்மா. தண்ணிதான் தப்பான வழியில போகுது. அதைத் திருப்பி விட்டா போதும்" என்றார்.

சிமெண்டு பூசினா ஏன் ஈரம் மேலே ஏறுது?

இதை நான் முதலில் நம்பலை. ஏன்னா 2012-ல் எங்க வீட்டிலும் அப்படித்தான் சிமெண்டு பூசினோம். மூணே வருசத்தில் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. கலவையில் சிமெண்டு குறைச்சுட்டாங்க என்று கொத்தனாரைத் திட்டினேன். காரணம் வேற என்று இப்பதான் புரியுது.

பழைய செங்கல் சுவரும் மண் சுவரும் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரத்தை வெயில் நேரத்தில் வெளியே விட்டுடும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கறதால ஈரம் அது வழியா ஆவியாகிப் போயிடும். பருத்திச் சேலை கட்டினா வேர்வை காயற மாதிரி. அதுக்கு மேலே கெட்டியா சிமெண்டு பூசினா, பிளாஸ்டிக் தாளைச் சுத்தின மாதிரி ஆகிடும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாம, சிமெண்டு முடியற இடம் வரைக்கும் மேலே ஏறும். அங்கே காயும்போது, மண்ணிலிருந்து கொண்டு வந்த உப்பை விட்டுட்டுப் போகும். அந்த உப்பு பூத்து விரிஞ்சு பூச்சை உடைக்கும். பிளாஸ்டிக் பெயிண்டு அடிச்சாலும் இதே கதைதான்.

சிமெண்டு கெட்டது என்று சொல்லவில்லை. சிமெண்டில் கட்டின சுவருக்குச் சிமெண்டு பூசலாம். சுண்ணாம்பில் கட்டின சுவருக்குச் சுண்ணாம்பு, மண்ணில் கட்டின சுவருக்கு மண். இனம் இனத்தோட சேரணும், அவ்வளவுதான். நம்ம ஊர்ப் பக்கம் சிமெண்டு வந்து நூறு வருசத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகுது. சென்னையில் கடல் சிப்பியிலிருந்து சிமெண்டு செய்யும் முயற்சி 1904-ல் நடந்தது. அதுக்கு முன்னாடி கட்டினதெல்லாம் சுண்ணாம்பும் மண்ணும்தான். மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்க. 1636-ல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினது. நடுவில் பாழடைந்து கிடந்ததை, நேப்பியர் பிரபு சென்னை மாகாண கவர்னரா இருந்த காலத்தில் (1866-1872) பழுது பார்த்தாங்க. இன்னிக்கும் நிற்குது. கவனிச்சா சுண்ணாம்புச் சுவர் தலைமுறை தாண்டும்.

முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்க

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி நாமே செய்யக்கூடிய சோதனைகள் இவை. காசு செலவில்லை.

1. விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டுங்க. கெட்டியான சத்தம் வந்தா பூச்சு நல்லா இருக்கு. "டொப் டொப்" என்று பொள்ளலா கேட்டா அந்த இடம் மட்டும் விட்டுப் போச்சு. மொத்தச் சுவரையும் கொத்த வேண்டாம்.

2. ஈரமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்க. தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. அறைப் பக்கம் நீர் இருந்தா அறையில் காத்தோட்டம் போதலை என்று அர்த்தம்.

3. விரிசல் இருந்தா அதுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, எத்தனை அகலம் என்று குறிச்சு வையுங்க. இரண்டு மூணு மாசம் பாருங்க. அப்படியே இருந்தா பழைய விரிசல், அடைச்சுக்கலாம். அகலமாகிக்கிட்டே போனா அஸ்திவாரத்தில் கோளாறு.

4. மரத்தில் ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்க. சுலபமா உள்ளே இறங்கினா உளுத்துப் போச்சு. உத்தரமும் கைமரமும் சுவருக்குள் போகிற முனையைக் கட்டாயம் பார்க்கணும். முதலில் அழுகறது அங்கேதான்.

5. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. சுவர் வயிறு தள்ளி இருந்தாலோ, சாய்ந்திருந்தாலோ, விரிசல் பெரிசாகிக்கிட்டே வந்தாலோ, அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. மழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். பொறியாளரையோ அனுபவமுள்ள கொத்தனாரையோ கூப்பிட்டுக் காட்டணும். அவங்க இடிக்கத்தான் வேணும் என்று சொன்னா இடிக்கத்தான் வேணும். வீடு மேலே ஆசை வைத்து உயிரை விடக் கூடாது.

அக்கா வீட்டுச் சுவர் தூக்குக்குண்டுக்கு நேரா நின்றது. விரிசல் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பழசு. அன்னிக்குத்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

வேலை எந்த வரிசையில்?

தண்ணீர், கூரை, சுவர், தரை. இதுதான் வரிசை. பார்க்க அழகா இருக்கணும் என்று முதலில் சுவரைப் பூசினா, கூரை பிரிக்கும்போது அதுவும் கெட்டுப் போகும்.

*தண்ணீர்.* அக்கா வீட்டுத் தெருவில் சிமெண்டு ரோட்டின் மேலே ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குப் போயிருந்தது. சுவரை ஒட்டி வெளியே முக்கால் அடி மண் சேர்ந்திருந்தது. ஓட்டுத் தண்ணி விழுகிற இடமும் சுவர் ஓரம்தான். பாத்திரம் கழுவுற கல்லும் அங்கேயே. நாங்க ஏழெட்டு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போய், சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணி சுவரை விட்டு விலகி ஓடற மாதிரி வாட்டம் பண்ணி விட்டோம். கழுவுற கல்லை இடம் மாத்தினோம். இதுக்குச் செலவு ஒரு சட்டி மோர். மொத்த வேலையில் பாதி இதுதான் என்று கொத்தனார் ஐயா சொன்னார்.

*கூரை.* ஓட்டை இறக்கி ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு "டிங்" என்று மணி மாதிரி சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது மந்தமா ஒலிக்கும். பற்றாத ஓட்டுக்கு, பக்கத்து ஊரில் இடிச்ச வீட்டு ஓட்டை வாங்கினோம். மூணு பனங்கை மட்டும் மாத்த வேண்டி இருந்தது. கரையான் தடம் இருந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிச்சோம். அது தோலைப் பொத்துப் போக வைக்கும், கையுறை இல்லாம தொடக் கூடாது. நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு வைத்தோம். பகலில் லைட் போடாமலே ஊசியில் நூல் கோக்க முடியுது.

*சுவர்.* பழைய சிமெண்டுப் பூச்சை மெதுவா கொத்தி எடுத்தோம். ஈரம் ஏறின கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி வரைக்கும் பூச்சை எடுத்தோம். செங்கலுக்கு நடுவில் மாவாகிப் போன கலவையை அரை இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டினோம். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, கூட்டி, வெளியே கொட்டணும். தண்ணி விட்டுக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளேயே போயிடும். அப்புறம் ஒரு மாசம் சுவரை அப்படியே திறந்து போட்டோம். அக்காவுக்குப் பொறுமை இல்லை. "எப்ப பூசப் போறீங்க, எப்ப பூசப் போறீங்க" என்று தினமும் கேட்பாங்க. ஆனா காயாத சுவரில் எதைப் பூசினாலும் வீண். அதனாலதான் இந்த வேலையைத் தை, மாசியில் ஆரம்பிக்கணும். ஐப்பசி மழைக்குள் சுவர் காய்ந்து, பூசி, இறுகி இருக்கணும்.

சுண்ணாம்பு தயார் செய்யும் முறை

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டா கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணி சேர்ந்தா கொதிச்சு நீறும். அதைச் சுவரில் பூசினா காத்திலிருக்கிற கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்ல மறுபடியும் கல்லா மாறும். அதனாலதான் சுண்ணாம்பு இறுக நாள் எடுக்கும்.

வாங்கும்போது கட்டியா இருக்கிற புது சுண்ணாம்பா பார்த்து வாங்குங்க. கடையில் கிடந்து தானா மாவாகிப் போனது சக்தி இழந்தது. ஒரு கட்டியைத் தண்ணியில் போட்டா சுறுசுறுவென்று கொதிக்கணும்.

நீற்றும்போது கவனம் வேணும். குழியிலோ இரும்பு டிரம்மிலோ முதலில் தண்ணியை ஊத்தி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். சுண்ணாம்பு மேலே தண்ணியைக் கொட்டினா தெறிச்சு அடிக்கும். பிளாஸ்டிக் வாளி ஆகாது, சூட்டில் இளகிடும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கணும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது, குழியை மூடி வைக்கணும். கண்ணில் பட்டுட்டா தேய்க்காம, நல்ல தண்ணியை இருபது நிமிசம் விடாம ஊத்திக் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பார்வையே போகக்கூடிய விஷயம் இது.

நீற்றின சுண்ணாம்பு மேலே தண்ணி நிற்கிற மாதிரி குறைந்தது இரண்டு வாரம் ஊற விடணும். எத்தனை நாள் ஊறுதோ அத்தனை நல்லது, வெண்ணெய் மாதிரி ஆகும். அதைச் சல்லடையில் வடிச்சு, ஒரு பங்குக்கு மூணு பங்கு மணல் கலக்கணும். மணலில் உப்பும் மண்ணும் இருக்கக் கூடாது. எம்-சாண்டு என்றால் தூசி போகக் கழுவிக்கணும். கடுக்காயை இடிச்சு, கருப்பட்டியோட தண்ணியில் சில நாள் ஊற வைத்து, அந்தத் தண்ணியைக் கலவையில் சேர்த்தார் கொத்தனார் ஐயா. கலவை சீக்கிரம் காயாம, கரண்டிக்கு இழைந்து வரும். கொத்தனாருக்குக் கொத்தனார் இதன் அளவு மாறும். அதனால இரண்டடிக்கு இரண்டடி ஒரு ஓரத்தில் பூசிப் பார்த்துட்டு, விரிசல் விடலை என்று தெரிந்த பிறகு மீதியைப் பூசுங்க.

பூசறதுக்கு முன்னாடி சுவரை நல்லா நனைக்கணும். ஒரு தடவைக்கு அரை இஞ்சுக்கு மேலே அப்பக் கூடாது. முதல் பூச்சு இறுகின பிறகுதான் இரண்டாவது. வெயில் நேரா அடிக்காம ஈரச் சாக்கு கட்டி, ஒரு வாரம் பத்து நாள் லேசா தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். இது நாமே செய்யற வேலை. அக்கா மாமியார் கட்டிலில் உட்கார்ந்துக்கிட்டே, "ஏய், அந்த மூலை காயுது பாரு" என்று மருமகளை விரட்டிக்கிட்டு இருப்பாங்க. முழுசாக் காய்ந்த பிறகு, சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி அரிசிக் கஞ்சி கலந்து மூணு கை வெள்ளை அடிச்சோம்.

மண் சுவர் வீடு இருக்கிறவங்களுக்கு: களிமண்ணும் மணலும் நறுக்கின வைக்கோலும் சேர்த்துச் சில நாள் புளிக்க வைத்து, மிதிச்சு, அதைப் பூசணும். மேலே சாணி கரைச்ச மண் மெழுகு. மண் சுவரில் சிமெண்டு ஒட்டவே ஒட்டாது.

தரைக்கு ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. குழி விழுந்த இடத்தை மட்டும் சரி பண்ணினோம். மின்சாரத்துக்கு மட்டும் காசு பார்க்காதீங்க. ஈரச் சுவரில் பழைய வயர் இருந்தா எமன். எலக்ட்ரீசியனை வைத்து மாத்தி, மின்சாரம் கசிந்தா தானா அணையற சுவிட்சு (ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேளுங்க) போடுங்க.

கணக்கு

கூட்டத்தில் படிச்ச கணக்கை அப்படியே தர்றேன்.

ஓடு, பனங்கை, எண்ணெய் – 9,400 ரூபாய்
சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி – 5,300
கொத்தனார், சித்தாள் கூலி – 11,000
வயரிங் – 3,000
தரை, வெள்ளை அடிப்பு – 2,200
மொத்தம் – 30,900 ரூபாய்

குழுக் கடன் 30,000. கைக்காசு 900. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் 1,500 வீதம் இருபது தவணை. அசல் குறையக் குறைய வட்டி குறைஞ்சு, மொத்த வட்டியே 3,150 ரூபாய்தான். வெளியில் வாங்கி இருந்தா ஒரே மாசத்து வட்டி அதை விட அதிகம். அந்த வட்டியும் குழுவில் நம்ம பணமாத்தான் நிற்குது. அக்கா ஒரு தவணையும் தவறலை.

உங்க ஊர்க் கணக்கு இதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. கூலி, சாமான் விலை இடத்துக்கு இடம் மாறும். நாங்க உடல் உழைப்பு போட்டதும் இதில் சேரலை. அரசு உதவியும் விசாரிங்க. அரசுத் திட்டங்களில் முன்பு கட்டின ஊரக வீடுகள் இரண்டரை லட்சத்தைப் பழுது பார்க்கப் போவதாகத் தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. உங்க வீடு எந்தத் திட்டத்தில் வரும் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

மழை வந்தது

2023 ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலையில் நாங்க நாலு பேர் அந்த அறைக்குப் போனோம். அக்கா ஒண்ணும் பேசலை. என் கையைப் பிடிச்சு சுவரில் வைத்தாங்க. காய்ந்திருந்தது.

எல்லாம் சரியாயிடுச்சு என்று சொன்னா பொய். வடமேற்கு மூலையில் இன்னும் ஒரு அடி உயரத்துக்கு லேசா உப்புப் பூக்குது. சுவரில் பல வருசமா ஊறின உப்பு, ஒரே வருசத்தில் போகாது. தட்டிக் கூட்டிட்டு வெள்ளை அடிக்கணும். பொங்கலுக்குப் பொங்கல் அந்த வேலை உண்டு. ஓட்டையும் மழைக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணும். பழைய வீடு கவனிப்பு கேட்கும்.

இப்ப அந்த அறையில் ஜன்னல் ஓரம் தையல் மிஷின், எதிர்ப்பக்கம் மாமியார் கட்டில். திருப்பிக் கொடுத்த இரண்டு பேரும் மறுபடி துணி கொண்டு வர்றாங்க. இருமல் குறைஞ்சிருக்கு, அதோட மருந்தும் சாப்பிடறாங்க. எங்க குழுக் கூட்டமும் சில மாசம் அங்கேதான் நடக்குது.

உங்க குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்க

• வீடு பழுதுக்குக் கடன் கேட்டா, தீர்மானம் எழுதும் முன்னாடி மூணு பேராவது போய்ப் பார்க்கலாமா?
• நம்ம ஊரில் சுண்ணாம்பு வேலை, மண் வேலை தெரிந்த பெரியவங்க யார் இருக்காங்க? அவங்களோட இரண்டு இளவயது பெண்களைச் சித்தாளா அனுப்பிப் பழக வைக்கலாமா? தெரிந்தவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.
• நம்ம வீட்டுச் சுவர் ஓரத்தில் தண்ணி எங்கே விழுது, எங்கே போகுது? இன்னிக்குச் சாயந்திரமே வெளியே போய் ஒரு சுத்து பார்த்துடுங்க.